முப்பத்தேழாவது துப்பாக்கி

அமீரகத்தில் புஜைரா மலைப்பக்கம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி படம் எடுத்தது. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய எல்லைப்புறச் சண்டைக் கதை. அதற்கு வந்த பொருட்களுக்கெல்லாம் மெட்ராஸிலிருந்து போன நான்தான் ஸ்டோர் கீப்பர். கூடாரம் பதினொன்று, ஒட்டகச் சேணம் எட்டு, துப்பாக்கி முப்பத்தாறு. எல்லாம் அந்தக் காலத்து நீளத் துப்பாக்கிகள்; சத்தமும் புகையும் மட்டும் வரும் வெற்றுத் தோட்டாக்களுக்காக வாங்கியவை. ஒவ்வொன்றின் அடியிலும் எண் ஒட்டியிருந்தது.

முதல் நாள் ஷூட்டிங் முடிந்ததும் புதுக்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருவர் அவற்றை எண்ணிப் பெட்டியில் அடுக்கினார். நாற்பது வயதிருக்கும், கூலியாட்கள் தங்கும் லேபர் கேம்பிலிருந்து வந்தவர். நான் வேனுக்கு மறுபக்கம் நின்று அவர் குரலுக்குக் குரல் கோடு போட்டேன். அவர் "முப்பத்தாறு" என்று முடித்தபோது என் தாளில் முப்பத்தைந்து கோடுகள்.

"ஒண்ணு குறையுது," என்றேன்.

"சரியாத்தான் சார் எண்ணுனேன்."

நான் கோட்டைத்தான் நம்பினேன். அதற்குள் துப்பாக்கிகளுக்குப் பொறுப்பான ஆங்கிலேயர் பெட்டியைப் பூட்டிச் சாவியோடு ஹோட்டலுக்குப் போய்விட்டார். ஒரு துப்பாக்கி காணோம் என்றால் போலீஸ், விசாரணை. இந்த வயதில் எனக்கு அது தாங்காது. யாரிடமும் சொல்லாமல் மலைச்சரிவில் தேடிப் போனேன்.

மேலே கூரையில்லாத ஒரு கல்வீடு. உள்ளே சுவரில் சாய்த்து வைத்தபடி ஒரு துப்பாக்கி இருந்தது. அதே நீளம், அதே மரம். அடியில் தடவினேன், எண் இல்லை. வெயிலில் ஏற்கெனவே மூன்று எண்கள் உதிர்ந்திருந்தன. இது நான்காவது என்று நினைத்தேன். விரலில் எண்ணெய் ஒட்டியது. யாரோ அப்போதுதான் துடைத்து வைத்த மாதிரி. திரும்பி இறங்கும்போது முதுகு கூசியது. இரண்டு முறை நின்று பார்த்தேன். யாரும் இல்லை.

அன்றிரவு அது என் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. காலையில் பெட்டி திறந்ததும் ஆங்கிலேயர் கவனிக்காதபோது உள்ளே வைத்துவிட்டேன்.

அன்றைக்கு ஒரு கைதியைச் சுடும் காட்சி. கைதியாக நின்றவர் அதே புதுக்கோட்டைக்காரர்தான். முகம் பொருந்தியது என்று வேஷம் கட்டிவிட்டார்கள். முதலில் ஒத்திகை. தோட்டா போடாமல் வெறுமனே விசையை இழுக்க வேண்டும். முப்பத்தாறு பேர் ஆளுக்கு ஒரு துப்பாக்கி வாங்கிக்கொண்டு சரிவில் வரிசையாகப் போனார்கள்.

பெட்டியில் ஒன்று மிச்சம் இருந்தது.

எடுத்துத் திருப்பினேன். அடியில் இருபத்திரண்டு என்று ஒட்டியிருந்தது. இது நம்முடையது. அப்படியானால் நம்முடையது அல்லாத ஒன்று அங்கே யார் கையிலோ இருக்கிறது. முப்பத்தாறு குழல்களும் அவர் நெஞ்சுக்கு நேராக உயர்ந்துகொண்டிருந்தன. என்ன கத்தினேன் என்று நினைவில்லை. ஓடிப்போய் அவருக்கு முன்னால் நின்றேன் என்று பிறகு சொன்னார்கள்.

இடமிருந்து ஒன்பதாவது ஆளிடம் அது இருந்தது. ஆங்கிலேயர் திறந்தார். உள்ளே தோட்டா, நிஜத் தோட்டா. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

போலீஸ் வந்தது, துப்பாக்கியை எடுத்துப்போனது. எண்ணெய் போட்டு வைத்தது யாரென்று தெரியவில்லை. அந்த வீட்டில் ஆள் இருந்து பல வருடமாகிறது என்றார்கள்.

நடந்ததையெல்லாம் கேட்ட புதுக்கோட்டைக்காரர் என் தாளை வாங்கிக் கோடுகளைப் பார்த்தார்.

"லாபம்னு சொன்னேனே, அதுக்குக் கோடு போடலியா சார்?"

"எது லாபம்?"

"எங்கூர்ல நெல்லளக்கயில ஒண்ணுன்னு ஆரம்பிக்க மாட்டோம். லாபம், ரெண்டு, மூணுன்னுதான். மெட்ராஸ்ல அரிசி எப்படி சார் அளப்பீங்க?"

"பாக்கெட்ல வரும்," என்றேன்.

ஆக, பெட்டியில் எப்போதும் முப்பத்தாறுதான் இருந்திருக்கிறது. எதுவும் குறையவே இல்லை.

இரண்டு நாள் கழித்து மறுபடி அதே காட்சி. ஆங்கிலேயர் ஒவ்வொரு துப்பாக்கியையும் திறந்து புதுக்கோட்டைக்காரரிடம் காட்டினார். அவர் முப்பத்தாறையும் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு போய் நின்றார். முப்பத்தாறு விசைகளும் ஒன்றாகச் சொடுக்கின, வேறு சத்தமில்லை. அவர் விழுந்தார். எழவில்லை. நான் பத்தொன்பது வரை எண்ணிவிட்டேன்.

"முடிஞ்சுதா சார்?" என்று தரையிலிருந்தே கேட்டார், கண்ணைத் திறக்காமல்.

"இல்ல," என்றேன். "இது ஒத்திகைதான்."