கம்பளி கேட்ட இரண்டு சண்டைகள்

என் பீரோவின் அடித்தட்டில் சிவப்புக் கரை போட்ட முரட்டுக் கம்பளி ஒன்று இருக்கிறது. போர்த்தினால் கழுத்தெல்லாம் அரிக்கும். கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த ஜவுளிக்கடைச் சரக்கு அது. முதலாளியை ஊரே பாய் என்றது. நானும் அப்படித்தான் அழைத்தேன். கல்வராயன் மலைக்காரர்கள் மார்கழிக் குளிருக்கு இறங்கி வந்து அவரிடம்தான் கம்பளி வாங்குவார்கள்.

அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு சண்டை வந்தபோது, கடைவீதிக்காரர்கள் ராணுவத்துக்குக் கம்பளி கேட்டு வந்தார்கள். பாய் தரவில்லை. "எல்லக் கோடு எங்க இருக்கணும்னு ரெண்டு சர்க்காரும் அடிச்சிக்கினு இருக்காங்க. பேசி முடிச்சிக்கட்டும். சண்டைக்கு நான் தரமாட்டேங்க" என்றார். அவர் எந்தப் பக்கம் என்று ஊர் உடனே முடிவு கட்டிவிட்டது. அந்தத் தீபாவளிக்குக் கடையில் ஈ ஓட்டினோம்.

எழுபத்தொன்றில் மறுபடி சண்டை. அதே ஆட்கள் வாசலில் தயங்கி நிற்க, பாய் இருந்த கம்பளி மொத்தத்தையும் இறக்கிக் கொடுத்தார். பயந்துவிட்டார் என்றது ஊர். ஏன் என்று அவரிடமே கேட்டவர் ஒரே ஒருவர்தான். மறுநாள் வெள்ளிமலையிலிருந்து பஸ் ஏறி வந்து, கம்பளி கிடைக்காமல் நின்ற வாடிக்கைக்காரர் அவர்.

"அன்னிக்கி சண்ட வாணாம்னீங்களாமே. இப்ப எங்களுக்குக்கூட வைக்காம குடுத்துட்டீங்க. இன்னா பாய் இது?"

"அன்னிக்கி சண்டய நிறுத்தியிருந்தா சாவு நின்னுருக்கும். இப்ப சண்ட வர்றதுக்கு முன்னாடியே கெழக்கு பாகிஸ்தான்ல சனங்க செத்துக்கினு இருந்தாங்க. வூட்ட வுட்டு ஓடியாந்தாங்க. யாராவது போயி தடுக்கணும் இல்ல? சண்ட வேணும்னு சொல்ல எனக்கு சந்தோசம் இல்லீங்க."

"எங்க புள்ளைங்களுக்கும் குளுருதுங்க பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டு மலைக்காரர் படியிறங்கினார்.

சண்டை முடிந்ததும் கடைவீதிக்காரர்கள் மாலையோடு வந்தார்கள். "இப்பத்தான் பாய் நீங்க நம்ம ஆளு" என்றார் ஒருவர், மெய்யான பிரியத்தோடுதான். பாய் மாலையைக் கையில் வாங்கி மேஜைமேல் வைத்தார். "அன்னிக்கும் உங்க ஆளுதாங்க" என்றார்.

இப்போதும் எங்கோ ஒரு சண்டை என்றால், போன தடவை வேண்டாம் என்ற ஒருவர் இந்தத் தடவை டிவியில் வேண்டும் என்கிறார். உடனே அவருடைய ஜாதியையும் கட்சியையும் தோண்டுகிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும், டிவியை அணைத்துவிடுவேன்.

பீரோவில் இருக்கும் கம்பளி, அடுத்த சரக்கு வந்ததும் பாய் அந்த மலைக்காரருக்கென்று முதலில் எடுத்து வைத்தது. அவர் அதன்பிறகு எங்கள் கடைக்கு வரவேயில்லை.