மீட்டருக்குள் ஏறிய எண்ணெய்

ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனிக்கு என் பழைய வேனில் ஆட்களை ஏற்றிப் போகிறேன். ஒரு நாள் ஸ்பீடோமீட்டர் முள் நடுங்கி, அதன் கேபிள் கிறீச்சிட்டது. சிவகாசியில் அச்சு மிஷின் ஓட்டும் என் மச்சான், எல்லாக் கோளாறுக்கும் எண்ணெய்தான் மருந்து என்று நம்பும் மேதை. கேனோடு வந்துவிட்டார்.

“ஊத்த ஊத்தத்தான் நல்லது மாப்ள. நான் பாக்காத மிஷினா?”

கேபிளின் மேல் நுனியில் கேனையே கவிழ்த்தார். நானும் பல்லிளித்துக்கொண்டு பிடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் முள் நாற்பதிலேயே நின்றது. பத்து வருஷம் வண்டி ஓட்டிய மடையன், அதை நம்பி ஆக்சிலேட்டரை மிதித்தேன். சாத்தூர் ரோட்டு வளைவில் வேன் மண்ணில் இறங்கி, பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

பின் சீட்டிலிருந்து பாண்டியம்மாள் அக்கா கத்தினார்: “வெடிக்குத் தப்புன எங்கள வேன்ல கொல்லப் பாக்கீகளா?”

மெக்கானிக் மீட்டரைத் திறந்தார். கேபிள் சுழலச் சுழல எண்ணெய் மேலேறி, முள் ஒட்டிக்கிடந்தது.

இப்போது கேபிளின் உள்கம்பியை உருவித் துடைத்து, மெல்லிசாக கிரீஸ் தடவுகிறேன். மீட்டர் பக்கம் நாலு விரல் அளவுக்குத் தடவுவதே இல்லை.

“இது பத்தாது மாப்ள” என்றார் மச்சான். அதைப் பாண்டியம்மாள் அக்காவிடம் சொல்லச் சொன்னேன். அதன்பின் வேன் நிற்கும் தெருவுக்கே மச்சான் வருவதில்லை.