அரம் வழுக்கிய இடம்

வெர்னா டீகின் இடது கண்ணைச் சுட்டுக் கெடுத்தவன் அவள் தம்பி ஓரின்தான் என்று தீவனக் கடையில் பேசிக்கொண்டார்களாம். எங்கள் பள்ளிச் சமையற்காரி வந்து சொன்னாள். வெர்னாவிடமே கேட்டுவிட்டேன். "அவனா? அவன் சுட்டா கொட்டகைகூடத் தப்பிச்சிடும். நான் சுட்டதுதான் என்கிட்டயே திரும்பி வந்துது," என்றாள். இலக்குக்குத் தொங்கவிட்டது மெத்து இரும்பு, குண்டு பட்டால் குழிந்துபோகும் மிருதுவான ரகம். பழைய குண்டு தோண்டிய பள்ளத்தில் புதுக் குண்டு பட்டுச் சிதறி, சுட்டவள் முகத்துக்கே வந்திருக்கிறது.

ஐடஹோவின் இந்த மலைப்பக்கத்தில் ஞாயிறு தேவாலயம் முடிந்ததும் வீட்டுக்கு வீடு இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டுச் சுடுவார்கள்; அந்தத் தகடுகளைச் செய்து கொடுப்பவள் வெர்னா. எத்தனை வருஷமானாலும் எனக்குத் தூக்கிவாரிப் போடும். வெர்னாவுக்கு அது வேடிக்கை. "டீச்சரம்மா, உங்களைச் சுடலை. தகட்டைத்தான் சுடறாங்க."

பழைய இரும்புக் கிடங்கில் கனத்தைப் பார்த்து மயங்குகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "தடியா இருந்தா போதுமா? என் முன்னாள் புருஷன்கூடத் தடிதான்." மேல்சட்டைப் பையிலிருந்து அரத்தை எடுத்து ஓரத்தில் ஒரு இழுப்பு. தூள் உதிர்ந்தால் மெத்து; காலால் தள்ளிவிடுவாள். அரம் பிடிக்காமல் வழுக்கினால்தான் வாங்குவாள். தீயில் வெட்டினால் விளிம்பு இளகிப்போகும் என்று, தண்ணீரைப் பீச்சி வெட்டும் பட்டறைக்கு வெகுதூரம் ஓட்டிக்கொண்டு போவாள். தகட்டின் முகம் தரையைப் பார்த்துச் சற்றே கவிழ்ந்திருக்க வேண்டும், சிதறுவது மண்ணுக்குப் போகட்டும் என்பாள். பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்க்கிறவளின் முகம் அப்போது அவளுக்கு.

போன ஞாயிறு அவளிடம் முட்டை வாங்கப் போயிருந்தேன். முந்தின நாள்தான் ஓரினுக்கு ஒரு தகடு கொடுத்திருந்தாள். மண்வாரி எந்திரத்தின் பழைய வாளியிலிருந்து வெட்டியது. மிச்சத் துண்டில் சின்ன இலக்கு ஒன்று செய்யத் துளை போட்டாள். துளைப்பான் சிரமமே இல்லாமல் இறங்கியது. சுருள் சுருளாக இரும்பு மேலே வந்தது.

துளைப்பானை நிறுத்தினாள். துண்டின் நடுவில் அரத்தை இழுத்தாள்: தூள். விளிம்பில் இழுத்தாள்: வழுக்கியது.

"வாளி உதடு தேயாம இருக்க, ஓரத்துல மட்டும் கெட்டி இரும்பைப் பற்று வச்சு ஒட்டியிருக்கான். நான் அந்தப் பற்றைத்தான் உரசிப் பாத்திருக்கேன்."

"அப்ப ஓரின் தகடு?"

"மெத்து."

குன்றுக்கு அப்பால் ஒரு வெடி. கூடவே தகட்டின் ணங். ஓரின் வீட்டுப் பக்கம்தான். கைபேசியில் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

"காதுல மூடி மாட்டியிருப்பான் கழுதை. எங்க கேக்கும்?"

"அவன் பெண்டாட்டி?"

"ஜோலீனா? பக்கத்துலயே நின்னு பட்டுதா பட்டுதான்னு பாத்துக்கிட்டிருப்பா. அவளும் மூடிதான்."

வண்டியில் ஏறினோம். ஓடையைச் சுற்றித்தான் பாதை. ஜன்னல்களை இறக்கிவிட்டு ஓட்டினாள். ஒவ்வொரு ணங்குக்கும், "இன்னும் சுடறான். அப்ப நல்லாத்தான் இருக்கான்," என்றாள். சுடட்டும், நிறுத்தாமல் சுடட்டும் என்று நானும் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

பாலத்தருகே ஒரு வெடி. ணங். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

நடுப்பாதையில் வண்டியை நிறுத்தி எஞ்சினையும் அணைத்தாள். காற்றுகூட இல்லை.

"குண்டு தீந்திருக்கும்," என்றேன்.

"ஆமா. இப்ப மூடியைக் கழட்டியிருப்பான். இப்பக் கேக்கும்."

மறுபடி எண்ணை அழுத்தி, கைபேசியை எங்கள் இருவருக்கும் நடுவில் நீட்டிப் பிடித்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மற்றக் கையால் என் வாயைப் பொத்தினாள். அந்தக் கையில் இரும்புத் தூள் நறநறத்தது. மணி போய்க்கொண்டே இருந்தது.