மீன்பிடிப்போர் கட்சியின் ஒரே உறுப்பினர்

ரேலின் பாஸ்கோ ஆஸ்திரேலியாவின் ஒரு துறைமுக ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். படகுத்துறைக் கட்டணத்தின் மேல் இருந்த கோபத்தில் அவள் கொழுந்தன் கெவின் மீன்பிடிப்போர் கட்சி என்று ஒன்றைத் தொடங்கினான். அவனுக்கு அரசு வேலை, தேர்தலில் நிற்க முடியாது. அதனால் மாநில மேலவைக்கு அண்ணியின் பெயரைக் கொடுத்தான். சும்மா பெயருக்குத்தான் என்றான்.

அவள் ஜெயித்துவிட்டாள். சொந்த ஊரே அவளுக்கு முழுதாக ஓட்டுப் போடவில்லை. மால்கம் ஸ்டாட் என்கிற தரகர் உதிரிக் கட்சிகளை எல்லாம் உட்காரவைத்துப் பேசி, தோற்கிற ஒருவருக்கு விழுந்த ஓட்டு, அங்கே சட்டம் அனுமதிக்கிறபடி, அவர் கட்சி கைகாட்டுகிற அடுத்தவருக்குப் போகும்படி ஏற்பாடு செய்திருந்தார். குதிரை வளர்ப்போரும் வரி வேண்டாதோரும் போட்ட ஓட்டுகள் உருண்டு வந்து ரேலின் மடியில் விழுந்தன.

சட்டங்களைச் சீர்தூக்கிப் பார்க்கும் சபை என்று பெருமையாகச் சொன்னார்கள். கீழவையில் பேசியதையே இங்கே வேறு கழுத்துப்பட்டையோடு பேசினார்கள். ஓட்டெடுப்புக்கு மணி அடித்தால், தூங்கியவர்களும் எழுந்து தங்கள் கட்சி நிற்கிற பக்கம் போய் நின்றார்கள். அவர்களைப் பார்த்து ரேலினுக்கு இளப்பமாக இருந்தது. ஒருநாள் மணி அடித்தபோது, எந்தப் பக்கம் போவது என்று மால்கம் செய்தி அனுப்பியிருக்கிறாரா என அவளே கைப்பேசியைத் தேடினாள்.

பிறகு அந்த மசோதா வந்தது. இனி ஓட்டு யாருக்குக் கைமாற வேண்டும் என்பதை வாக்காளரே எழுதலாம், கட்சிகள் பேசிவைக்க முடியாது. மால்கம் அவளை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார்.

"வேணாம்னு ஓட்டுப் போடுங்க. அடுத்த தடவையும் உங்கள உள்ள உக்கார வைக்கறது என் பொறுப்பு."

"ஜனங்க பொறுப்பு இல்லையா?"

"ஜனங்க ஓட்டுச் சீட்டுல ஒரு கட்டத்துல ஒண்ணுன்னு எழுதிட்டு, சாவடி வாசல்ல சுட்டு விக்கற சாசேஜ் வாங்கப் போயிடறாங்க. மிச்சத்த யாராவது பாக்கணும்ல?"

ரேலின் தன் மீனைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தாள். மசோதாவுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டாள். அது நிறைவேறியது. அதுவரை அந்தத் தரகு வேலையில் பங்கு வாங்கிய பெரிய கட்சிக்காரர்கள் மக்களின் குரலைப் பற்றி மாலைவரை உருகினார்கள்.

"நம்ம கட்சிக்கே குழி வெட்டிட்டீங்களே அண்ணி," என்றான் கெவின்.

"எந்தக் கட்சிடா? நீ, நான், உன் படகு. அவ்வளவுதானே?"

அடுத்த தேர்தலில் அவள் நின்றாள், படுதோல்வி. மால்கமை ஒரு பெரிய கட்சி ஆலோசகராக வைத்துக்கொண்டது. அவளுடைய பழைய பேருந்தை வேறு ஒருத்தி ஓட்டினாள். பேருந்து வேலைக்கே திரும்பிய ரேலினுக்குக் கோதுமை வயல்களைத் தாண்டிப் போகிற நீண்ட வழி கிடைத்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கெவின் வழக்கம்போல் இறால் கொண்டு வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை.