விற்கக் கூடாத புடலங்காய்

திருவிதாங்கூர் ராஜாவின் சக்கரக் காசு போய் அணா புழக்கத்துக்கு வந்திருந்த சமயம். எங்கள் நாஞ்சில் நாடு இன்னும் தமிழ்நாட்டோடு சேரவில்லை. அஞ்சுகிராமம் சந்தையில் எனக்குக் காய்கறிக் கடை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தலைச்சுமையாகக் கத்தரிக்காய் விற்று, வண்டியும் காளையும் வாங்கி, பிறகு கடை போட்டவன். நான் விலை சொல்லாமல் சந்தையில் மற்றவன் வாய் திறக்கமாட்டான். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதுதான்.

என் தங்கையின் கணவர் நல்ல கொத்தனார். ஆனால் சாராயம். கூலி வாங்கிய கையோடு சாராயம் விற்கும் பனைவிளைப் பக்கம் போய்விடுவார். சோறு தின்பது குறைந்து, கால் இரண்டும் வீங்கி, ஒரு நாள் சாரத்தில் ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டார். என் வண்டியில் போட்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இனியும் குடித்தால் ஆள் பிழைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அங்கே ஒரு நர்ஸம்மா. மருந்தைவிடச் சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். தீட்டாத அரிசி, சிறுபயறு, முருங்கைக் கீரை என்று என் தங்கைக்குச் சமைத்தே காட்டினார். பின்பக்கம் தோட்டம். நடக்க முடிந்த நோயாளிகள் அதில் பாத்தி கட்ட வேண்டும்.

"சாராயத்துக்கு மருந்து கீரையாக்கும்!" என்று சிரித்தேன்.

"நீரு கீரை விக்கிற ஆளுதானே? வீட்டுல நல்ல கீரை தின்னது உண்டா?" என்று கேட்டுவிட்டார் அந்த அம்மாள்.

வாடினதுதான் எங்கள் வீட்டுக்கு வரும்.

வீட்டுக்கு அனுப்பும்போது விதை கொடுத்து ஒன்று சொன்னார். வெயில் தாழ்ந்ததும் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். பொழுது அடையும் நேரத்தில் செடிக்குத் தண்ணீர் விட வேண்டும். கால் பனைவிளைக்கு இழுக்கும் நேரம் அதுதான்.

மாப்பிள்ளை அப்படியே செய்தார். வீக்கம் மெல்ல வற்றியது. பந்தலில் புடலங்காய் ஆள் உயரத்துக்கு இறங்கியது. அப்படிப்பட்ட காயை விடுவேனா? ஒரு நாள் வெயில் தாழும்போது காய் அள்ளும் ஓலைக் கடவத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் காய் வளையாமலிருக்க நுனியில் கல் கட்டிக்கொண்டிருந்தார். நல்ல விலை சொல்லி, காசையும் நீட்டினேன்.

அவர் கண் என் உள்ளங்கையிலேயே நின்றுவிட்டது. உதட்டை நாக்கால் நனைத்தார். ஓரெட்டு முன்னால் வந்தார். பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மச்சான், அதை மடியில வையும்."

"ஏன் மாப்பிள, விலை காணாதோ?"

"காணும். அதுதான் பயம். பைசா கையில வந்தா இந்தக் கால் எங்க போவும்னு எனக்குத் தெரியும். காய் வேணும்னா சும்மா கொண்டு போவும்."

"சும்மா கொண்டு போவ நான் என்ன பிச்சைக்காரனாவே?"

அடுக்களையிலிருந்து தங்கை எட்டிப் பார்த்தாள். "அண்ணே, வியாபாரத்தை உங்க கடையில வச்சுக்கிடுங்க. வந்ததுக்கு இருந்து சாப்பிடுங்க."

எனக்குக் கோபம்தான். ஆனாலும் உட்கார்ந்தேன். சிவப்பரிசிச் சோறு, தேங்காய் போட்ட புடலங்காய்த் துவரன், முருங்கைக் கீரை. அவர் எதிரே இருந்து மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். பொழுது அடைந்தது. கை கழுவியவர் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனார். நான் வெறுங் கடவத்தோடு திரும்பினேன்.

பிற்பாடு அவர் மறுபடி சாரத்தில் ஏறினார். கூலியைத் தங்கைதான் போய் வாங்குவாள். நடுவில் ஒரு தடவை குடித்துவிட்டார் என்றும் கேள்விப்பட்டேன். மறுநாளும் செடிக்குத் தண்ணீர் விட்டிருந்தார்.

சந்தையில் எத்தனையோ பேரை நான் வழிக்குக் கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் தன்னைத் தானே வழிக்குக் கொண்டுவர ஒரு மனிதன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதை நினைக்கும்போதெல்லாம், என் கெட்டிக்காரத்தனம் எனக்கே கொஞ்சம் சின்னதாகத்தான் தெரிகிறது.