பாதிச் சவரம்

சாவிக்காரருக்குப் பூட்டு என்றால் தண்ணீர் பட்ட பாடு. காதருகே வைத்து இரண்டு ஆட்டு ஆட்டினால் போதும், உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் ஐம்பத்திரண்டு வயதில் ஒரே ஒரு கடிதத்தை எழுதிவிட்டுத் திருதிருவென்று முழித்தார்.

எதிர்ப்புறத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவன் அவருடைய சொந்தத் தம்பி. நான்கு வருடங்களுக்கு முன்பு அப்பா இறந்தபோது அவன் கடை வெளியூரில் இருந்தது; சவப்பெட்டியை மூடிய பிறகுதான் வந்து சேர்ந்தான். அன்றோடு பேச்சு நின்றது. அப்பாவின் முகத்தைப் பார்க்கக்கூட வராதவன் என்று சாவிக்காரர் கறுவிக்கொண்டே இருந்தார். ஆனாலும் தினமும் கடையைத் திறக்கும்போது கண் முதலில் தெருவுக்கு அந்தப் பக்கம்தான் போகும். எப்படியாவது அவன் திரும்பவும் பேசிவிட மாட்டானா என்றிருந்தது.

மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் தேவாலயத்தில் நடக்கும் ஆலோசனைக்குப் போனார். ஆலோசனை சொல்பவர் ஓய்வுபெற்ற நர்ஸ். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளின் குட்டை நாற்காலியில், முழங்கால் நெஞ்சில் இடிக்க அவரை உட்காரவைத்து ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். புண்படுத்தியவரை மன்னித்து ஒரு கடிதம் எழுதி, அதைக் கடவுள்முன் வைத்து ஜெபிக்க வேண்டும். சாவிக்காரர் மூன்று நாள் எழுதினார். ஜெபித்தார். நல்ல காரியத்தை எதற்குப் பாதியில் விடுவது என்று கடிதத்தைத் தம்பி கடைக் கதவுக்கு அடியில் செருகிவிட்டார்.

மத்தியானமே சோப்பு நுரை காயாத கையோடு தம்பி வந்து நின்றான்.

"என்னை மன்னிச்சிட்டியாமே. யாரு கேட்டா உன்கிட்ட?"

"மனசார எழுதினேன்டா."

"அப்பா போன அன்னைக்குக் காலையிலேயே முடியாம கிடந்தாரு. எனக்கு நீ போன் பண்ணது எத்தனை மணிக்குன்னு அதையும் மனசார எழுதியிருக்கலாம்ல, அண்ணா?"

போய்விட்டான்.

நர்ஸம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "கடவுள்கிட்ட வைக்கச் சொன்னதைக் கடையில போய்ப் போட்டீங்களா? சரி, போன் ஏன் லேட்டாச்சு?"

"ஆயிடுச்சு."

"தானா ஆயிடுச்சா?"

மூன்று வருடம் அப்பாவைக் குளிப்பாட்டியதும் ஊட்டியதும் சாவிக்காரர்தான். கடைசிக் காலையில் அப்பா சின்னவனைத்தான் கேட்டார். இரண்டு முறை கேட்டார். அது சுருக்கென்று தைத்தது. சாயங்காலம் கூப்பிடலாம் என்று விட்டார். சாயங்காலம் அப்பா இல்லை. அதை நர்ஸம்மாவிடம் சொல்லி முடித்தார்.

"அப்ப நான் மன்னிக்கணுமா, மன்னிப்புக் கேக்கணுமா?"

"பைபிள்ல, காணிக்கையை வச்சிட்டுச் சகோதரன்கிட்ட போகச் சொல்ற இடத்தை எடுத்துப் படிங்க. அங்க யாருக்கு யார் மேல குறைன்னு பாருங்க. போனா, செஞ்சதை மட்டும் சொல்லுங்க. ஏன் செஞ்சேன்னு ஆரம்பிக்காதீங்க."

நான்கு தடவை படித்தார். குறை தம்பிக்குத்தான், அதுவும் தன்மேல். அப்படியானால் தன் மனசில் தைத்தது என்ன ஆவது, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஒன்றும் பிடிபடவில்லை.

மறுநாள் காலையில் தம்பி கடை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தம்பி ஒன்றும் கேட்காமல் துண்டைப் போர்த்தி, நுரை தடவி, கத்தியை எடுத்தான். ஒரு கன்னம் முடிந்தது.

"அப்பா உன்னைத்தான் கேட்டாரு. காலையிலயே கேட்டாரு. நான்தான் சொல்லல."

கத்தி நின்றது. ஏன் என்பது தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"அசையாத," என்றான் தம்பி. அவர் அசையவே இல்லை. அவன்தான் ஓரடி பின்னால் போனான். கத்தியை மடக்கி வைத்துவிட்டு அவர் முகத்து நுரையைத் துண்டால் துடைத்தான்.

"எத்தனை தடவை கேட்டாரு?"

"ரெண்டு."

துண்டை உதறி மடித்தான். "மீதியை அப்புறம் பாக்கலாம். கெளம்பு."

வீட்டில் மனைவி, "மன்னிச்சாரா, இல்லையா?" என்று கேட்டாள்.

"தெரியல."

"இதென்ன கோலம்? வீட்டுலதான் பிளேடு இருக்கே, எடுத்துச் செரைச்சுக்க வேண்டியதுதானே?"

சாவிக்காரர் செய்யவில்லை. மூன்று நாளாக ஒரு கன்னம் தாடியும் ஒரு கன்னம் அரும்பிய முள்ளுமாகக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். சாவிக்கு வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். 'அப்புறம்' என்றால் எப்போது என்று அவருக்கும் தெரியாது. அதுவரை அந்தக் கன்னத்தில் வேறு கத்தி படக்கூடாது, அது மட்டும் தெரியும்.