மாமனாரின் மீன் தொட்டி

கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்த புதிதில் என்னை மிகவும் பயமுறுத்தியது மாமனாரின் கண்ணாடி மீன் தொட்டிதான். பட்டணத்திலிருந்து அவர் ஜாடியில் வைத்து ரயிலில் கொண்டுவந்த தங்க மீன்கள். அவரைத் தவிர யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

ஒருமுறை அவர் தோல் வியாபாரமாக வெளியூர் போயிருந்தபோது தொட்டித் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கிவிட்டது. ஊரில் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடையில் தொட்டியின் நாற்றம் எங்களுக்கு முதலில் தெரியவில்லை. அவர் திரும்பும் நாளில் பார்த்தால், மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஒன்று செத்து மிதந்தது.

"நா கிட்டவே வரமாட்டேன்மா. வந்தா கத்தப் போறாரு" என்று மாமியார் உள்ளே போய்விட்டார்.

நானே தொட்டிக்குள் கையை விட்டேன். மாமனார் இல்லாதபோது விருந்துக்கு வந்த குழந்தைகள் போட்ட சோறு கூழாங்கற்களுக்கடியில் அழுகிக் கிடந்தது. அதை அள்ளி வெளியே போட்டேன். மொத்தத் தண்ணீரையும் மாற்றினால் மீதி மீன்களும் செத்துவிடுமோ என்று பயம். பாதியை மட்டும் மொண்டு கொட்டிவிட்டு, அண்டாவில் தெளிந்திருந்த கிணற்றுத் தண்ணீரை மெல்ல ஊற்றினேன்.

மாமனார் வந்ததும் நேராகத் தொட்டியிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"ஒண்ணு செத்துப்போச்சு மாமா. சோறு அழுகி நாறிச்சு. நாந்தான் தண்ணி மாத்துனேன்."

அவர் குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"நல்ல வேள, மாத்துன. இல்லாட்டி எல்லாம் போயிருக்கும். இனிமே நீயே பாத்துக்கோம்மா" என்றார்.

பயம் அதோடு போய்விடவில்லை. அதற்குப் பிறகு தினமும் காலையில் தொட்டியருகே போனால், கண்ணை மூடிக்கொண்டு முதலில் முகர்ந்துதான் பார்ப்பேன்.